பத்தாவது கருப்பராயனுக்கு

உக்காரு அம்மிணி. அந்தச் சேர் ஒரு கால் ஆடும், இதுல உக்காரு. காப்பி சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, போச்சாது, அப்பறம் குடிக்கலாம்.

ரெண்டு துப்பாக்கியையும் மேசை மேல எடுத்து வெச்சிருக்கேன், பாத்துக்கோ. கைய மட்டும் வெக்காதே. நான் பேசி முடிக்கிற வரைக்கும் வெக்காதே. போன்ல என்ன கேட்ட நீ? ‘மாமா, பாயின்ட் டூ டூ ஆட்டோமேட்டிக்ல எது நல்லது, எங்கய்யன் வெச்சிருந்ததா, நீங்க வெச்சிருக்கறதா’ன்னு கேட்ட. மொதல்ல அதையே திருத்திடறேன். ஆட்டோமேட்டிக் இல்ல, செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவ விசையை அழுத்துனா ஒண்ணுதான் போகும். ஆனா அடுத்த தோட்டா தானா ஏறி, குழலுக்குப் பின்னால இருக்கற அறைக்குள்ள உக்காந்துக்கும். அந்தத் ‘தானா’ங்கறத ஞாபகத்துல வெச்சுக்கோ.

பொள்ளாச்சியில முப்பத்தொரு வருசமா துப்பாக்கிக் கடை வெச்சிருக்கறவன் நானு. ஒருத்தன் கிட்டயும் பொய் சொல்லி ஒரு சாமான் வித்ததில்ல. இப்ப வர்றவனெல்லாம் போன்ல வீடியோவப் பாத்துட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கறான். ‘அங்கிள், இதோட குரூப்பிங் என்ன, அதோட ஃபீடிங் என்ன?’ அடப்போடா, நான் ரெண்டையும் ஒரே வருசத்துல அஞ்சஞ்சு நூறு தோட்டா சுட்டுப் பாத்து நோட்டுல எழுதி வெச்சவன்டான்னு சொல்லுவேன். உங்கிட்டச் சொல்றதுக்கு எனக்கென்ன, கேட்டுக்கோ.

வலது பக்கம் இருக்கறது என்னோடது. நாங்க வெச்ச பேரு எருமை. பாக்கறதுக்கும் அப்படித்தான், ஒரு நளினமும் கெடையாது. ஆனா என்ன தீனி போட்டாலும் தின்னும். நல்ல தோட்டா, மட்டத் தோட்டா, ரெண்டு வருசம் பீரோவுல கெடந்த தோட்டா, எதப் போட்டாலும் கப்புன்னு விழுங்கும். அஞ்சு நூறுல ரெண்டே ரெண்டு தடவ நின்னுச்சு. அதுவும் துப்பாக்கி மேல தப்பில்ல, தோட்டா மேல. இந்த ஜாதித் தோட்டாவுக்கு அடி விளிம்புல சுத்தி வரத்தான் மருந்து இருக்கும். ஒரு எடத்துல மருந்து எட்டலீன்னா ஊசி குத்தியும் வெடிக்காது. வெடிக்கலீன்னா அரை நிமிசம் குழல இலக்குப் பக்கமே வெச்சுக் காத்திருக்கோணும், அப்பறம் எடுத்துத் திருப்பிப் போட்டா வெடிச்சிரும். அம்பது மீட்டர்ல அஞ்சு சுட்டா, அஞ்சும் ஒரு சாத்துக்குடி அகலத்துல விழுகும். அவ்வளவுதான் அதோட சமத்து.

எடது பக்கம் இருக்கறவ உங்கய்யனோடவ. சீமாட்டி. பேரு வெச்சது அவன்தான். அம்பது மீட்டர்ல அஞ்சையும் ஒத்த ரூவாக் காசுக்குள்ள வெப்பா. உங்கய்யன் சிகாமணி கையில இருந்தா சட்டைப் பொத்தானுக்குள்ள வெப்பா. தென்னந்தோப்புல குரும்பையை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, குரும்பையத் தொடாம நூல அறுப்பான் உங்கய்யன். என் கண்ணால பாத்தேன். ஆனா சீமாட்டிக்கு வாய் நொட்டணம் சாஸ்தி. மட்டத் தோட்டா குடுத்தா துப்பிருவா. ரெண்டு நாள் எண்ணெய் போடலீன்னா மூஞ்சியத் தூக்கிக்குவா. அப்பறம் அந்தப் பத்தாவது சமாச்சாரம்.

என்ன சொன்ன? உனக்குத் தெரியுமா? ‘ஒம்போது போதும் மாமா, பத்தாவது கருப்பராயனுக்கு’ன்னு இப்பச் சிரிச்சுக்கிட்டே சொன்னயே, அதை இன்னொரு தடவ சொல்லாதே அம்மிணி. உங்கய்யன் சொன்ன மாதிரியே இருக்குது. சித்த இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

சரி, தெரிஞ்சாலும் நான் சொல்றேன், எங்கடையில வாங்குனதுதான அது. மேகசீன்ல பத்து தோட்டா புடிக்கும். ஒம்போதும் ஒழுங்கா ஏறும். கடைசி ஒண்ணு மட்டும் மூக்கக் கவுத்திக்கிட்டு உள்ளேயே படுத்துக்கும். தோட்டாவ அறைக்குள்ள தள்ளற போல்ட்டு அதுக்கு மேல வழுக்கிட்டுப் போயி வெறும் அறைய மூடிக்கும். பத்துத் தடவ போட்டா பத்துத் தடவையும் அப்படித்தான். மேகசீனோட வாய் லேசா விரிஞ்சிருந்துச்சு, தோட்டாவ மேல தூக்கற சுருளும் தளந்து போச்சு. வாங்குன மாசமே, ‘கொண்டாடா, சரி பண்ணித் தர்றேன்’னேன். கொண்டாரல.

ஏன்னா மொத நாள் தோப்புல என்ன நடந்துச்சுன்னு உனக்கு நெனவிருக்காது, உனக்கு நாலு வயசு. ஒம்போது சுட்டுட்டான். பத்தாவதுக்கு விசைய அழுத்தறான், டிக்குங்குது, போகல. அடுத்த நொடி குரும்பை தொங்குன மரத்துக்குப் பின்னால இருந்து நீ ஓடி வர்ற. உங்கம்மாகிட்ட இருந்து தப்பிச்சு ஓடி வந்திருக்கற. அந்தப் பத்தாவது மட்டும் போயிருந்தா... வேண்டாம், வாயில வர வேண்டாம். உங்கய்யன் துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு உன்னத் தூக்கிக்கிட்டு, அந்தத் தோட்டாவ நேரா கருப்பராயன் கோயில்ல கொண்டு போயி வெச்சான். அன்னையில இருந்து அதான் வழக்கம். பத்து போடுவான், ஒம்போது சுடுவான், மேகசீனக் கழட்டுவான், படுத்துக் கெடக்கறத எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்குவான். ‘ஆறுச்சாமி, இதைச் சரி கிரி பண்ணிப் போடாதே, பத்தாவது கருப்பராயனோடது’ம்பான்.

இந்தப் பலகையப் பாத்தியா, எந்தலைக்கு மேல? ‘அறையைத் திறந்து பார், விரலை விட்டுப் பார்.’ நான் எழுதி மாட்டுனது. மேகசீனக் கழட்டுனா மட்டும் துப்பாக்கி காலின்னு அர்த்தமில்ல, போல்ட்ட இழுத்து, உள்ள பாத்து, சுண்டு விரல விட்டுப் பாக்கோணும். ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் நானு. உங்கய்யன் எருமையத் தொட்டா விரல விட்டுப் பாப்பான், அடுத்தவன் துப்பாக்கியத் தொட்டாலும் பாப்பான். சீமாட்டிக்கு மட்டும் பாக்க மாட்டான். ஏன் பாக்கோணும்? மேகசீன்ல ஒண்ணு படுத்திருந்தா அறை காலின்னு அவளே சாட்சி சொல்றாளே. பதிமூணு வருசம் சொன்னா. ஒரு நாள் மாத்திச் சொன்னதில்ல.

அதத்தான் நான் கெடுத்தேன்.

இரு, எந்திரிக்காதே. நான் சொல்லீர்றேன், எந்திரிக்காதே.

எலெக்சன் வந்துச்சு அந்த வருசம். எலெக்சன் வந்தா லைசன்சுக்காரன் எல்லாம் ஸ்டேசன்லயோ கடையிலயோ துப்பாக்கிய ஒப்படைக்கோணும், உனக்குத் தெரியும். இந்தக் கடையில நாப்பத்தி ரெண்டு துப்பாக்கி வரிசையா நிக்குது, எனக்கு ரெண்டு மாசம் வேலையே இல்ல. அதுக்கு முந்தின வாரந்தான் கிளப்புல கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் நக்கல் பண்ணிட்டான். போட்டியில பத்து சுடோணும், உங்கய்யன் ஒம்போதோட எந்திரிக்கறான். ஒவ்வொரு தடவையும் அந்த ஒத்தத் தோட்டாவுல தோக்கறான், சிரிச்சுக்கிட்டே தோக்கறான். அந்தாளு சொல்றான், ‘ஆறுச்சாமி கடையில வாங்குனா பத்துக்கு ஒம்போதுதாங்க.’ எல்லாரும் சிரிச்சாங்க. உங்கய்யனும் சிரிச்சான். எனக்குச் சுருக்குன்னு போச்சு. மானஸ்தன் அம்மிணி நானு.

பிரிச்சேன். மேகசீன் வாயப் பதமா நெருக்குனேன், புதுச் சுருள் போட்டேன். ரெண்டு நாள் வேலை. பத்து போட்டா பத்தும் போச்சு. மறுபடி பத்து, மறுபடி பத்து. நூறு தோட்டா சுட்டுப் பாத்தேன், ஒண்ணு நிக்கல. சீமாட்டி அழகும் எருமை வயிறும் ஒண்ணாச் சேந்த மாதிரி ஒரு துப்பாக்கி. இந்த ஜில்லாவுலயே அப்படி ஒண்ணு இல்ல, இன்னைக்கும் இல்ல. அதை மட்டும் நான் அடிச்சுச் சொல்லுவேன்.

‘சொன்னீங்களா மாமா, எங்கய்யங்கிட்ட’ன்னு கேக்கற. சொல்லல. எலெக்சன் முடிஞ்சு சனிக்கெழமை வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனான். மேசைக்கு அந்தப் பக்கம், இப்ப நீ உக்காந்திருக்கற எடத்துலதான் நின்னான். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா திட்டுவான், ‘எவன்டா உன்னத் தொடச் சொன்னது’ன்னு கேப்பான். அவனே சுட்டுப் பாக்கட்டும், பத்தும் போனதும் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாப்பம், அப்படின்னு நெனச்சேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை போட்டி. அதுக்குள்ள சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன்.

துப்பாக்கி விசயத்துல நான் வெளையாடறவன் இல்ல அம்மிணி. கடைக்கு வர்றவன் ஒருத்தன் துப்பாக்கியப் பொம்மை மாதிரி புடிச்சு ஆளப் பாத்துக் குறி வெச்சாக்கூட, லைசன்சப் புடுங்கி மேசை மேல வீசிருவேன். ஊர்ல யாரை வேண்ணாலும் கேளு.

அவன் வாங்கிட்டுப் போன மறுநா, ஞாயித்துக்கெழமை காலையில எட்டே காலுக்கு போன் பண்ணுனான்.

தெரியும், நீ அந்த போனப் பத்திக் கேக்கத்தான் வந்திருக்கற. துப்பாக்கி வாங்க வரல. நீ கடைக்குள்ள வந்து எருமையப் பாக்கவே இல்ல, என் மூஞ்சியத்தான் பாத்த. எட்டு வருசம் கழிச்சு, வாரிசு லைசன்சு வாங்கிக்கிட்டு, எது நல்லதுன்னு கேக்கற மாதிரி வந்திருக்கற. உங்கய்யன் புள்ளதான் நீ.

அன்னைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டாரு, ‘கடைசியா உங்ககிட்டத்தான் பேசியிருக்காரு, என்ன பேசுனாரு’ன்னு. அடுத்த வாரப் போட்டியப் பத்திப் பேசுனம்னு சொல்லிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்குது, கடை லைசன்சு இருக்குது. ஒப்படைச்ச துப்பாக்கியக் கேக்காமத் தொட்டேன்னு தெரிஞ்சா அன்னைக்கே பூட்டுத்தான். அதுவும் அவரு எழுதி முடிச்சுட்டாரு, கவனக்குறைவுன்னு. செத்தவனுக்கு அதனால என்ன ஆகப் போகுது?

என்ன சொன்ன? மறுபடி சொல்லு.

உங்கம்மா அப்படியா நெனச்சுட்டு இருக்குது? எட்டு வருசமாவா?

...

கேள்விப்பட்டேன். கேள்விப்படாம என்ன. எழவு வீட்லயே குசுகுசுன்னு பேசுனாங்க. ‘அத்தனை வருசம் துப்பாக்கி புடிச்சவன், தாடைக்குக் கீழ குண்டு, தானா எப்படி வெடிக்கும், அவனா சுட்டுக்கிட்டதுதான்’னு. நான் அதட்டுனேன், ‘வாய மூடுங்கடா, கை தவறிருச்சு’ன்னேன். ஆனா எனக்கு எப்படித் தெரியும்னு ஒருத்தனும் கேக்கல, நானும் சொல்லல. ஊர்க்காரன் நாலு நாள் பேசுவான், அப்பறம் மறந்துருவான்னு நெனச்சேன். உங்கம்மா சரசாத்தா மனசுல அது குந்திக்கும்னு... உன்ன விடுதிக்கு அனுப்பற விசயமா முந்தின நாள் சண்டையா? ‘அந்தச் சண்டையிலதான் போய்ட்டாரு, நான் பேசுன பேச்சுலதான்’னு உங்கம்மா... ஐயோ கடவுளே. அந்தத் தங்கச்சி தோப்புப் பக்கமே போறதில்லயா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பறம் நான் உங்க ஊட்டுப் பக்கம் வரல. ரோடு போட்டுட்டு இருந்தாங்க, வண்டி போகாது. அப்பறம் பாலம் கட்டுனாங்க. ஆமா, எட்டு வருசமா ரோடு போடுவாங்களாடான்னு நீ பாக்கற பார்வையிலயே தெரியுது. பாக்காதே, சொல்றேன்.

போன எடுத்ததும் சிரிப்பு அவனுக்கு. சண்டை போட்டவன் மாதிரியா இருந்துச்சு? நல்ல சிரிப்பு. போன ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டைப் பையில வெச்சிருந்தான். ‘ஆறா, புள்ளைய விடுதிக்கு அனுப்பறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்டா. சரசு சொல்றதுதான் சரி. மத்தியானம் கறி எடுத்துட்டுப் போயிச் சமாதானம் பண்ணோணும்’னான். கேட்டுக்கிட்டயா? இதுதான் அவன் பேசுனது. இதை நான் எட்டு வருசமா இங்க, நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கறேன், உங்கம்மாவுக்குச் சேர வேண்டியத.

அப்பறம் சொன்னான், ‘ஒரு கூத்தப் பாருடா. பத்து எண்ணிப் போட்டேன், ஒம்போது போச்சு. மேகசீனக் கழட்டிப் பாக்கறேன், கருப்பராயனோடதக் காணம்.’

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. வாயப் பொத்திக்கிட்டேன். பத்தாவது எங்கன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. போல்ட்ட இழுத்தா துள்ளி வெளிய விழுகும், ‘டேய் ஆறா, என்னடா பண்ணுன’ன்னு கத்துவான், அந்தக் கத்தலக் கேக்கோணும் எனக்கு. அதுக்குத்தான் சொன்னேன். என்ன சொன்னேன்னு கேளு. ‘நல்லாத் தேடுடா, புல்லுக்குள்ள விழுந்திருக்கும்’னு சொன்னேன்.

அறையைப் பாருடான்னு சொல்லல. ரெண்டே வார்த்தை. பலகையில எழுதி மாட்டுன வார்த்தை.

‘இருடா, இவள மரத்துல சாத்தி வெச்சுட்டுத் தேடறேன்’னான். அப்ப ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு அம்மிணி. சாத்தி வெக்கறேன்னு சொன்னதுமே எனக்குத் திக்குன்னுச்சு. வாயத் தொறந்தேன். ஆனா உள்ள சிரிப்பு இன்னும் நிக்கல. சிரிப்ப அடக்கிட்டுப் பேசலாம்னு... காஞ்ச மட்டை சரசரன்னு ஒரு சத்தம். அவன் குனிஞ்சிருப்பான், சாத்தி வெச்ச சீமாட்டி வழுக்கியிருப்பா. அப்பறம் டப்புன்னு ஒண்ணு. சின்னச் சத்தந்தான், சுள்ளி முறிஞ்ச மாதிரி.

நான் சிரிச்சேன்.

ஆமா, சிரிச்சேன். தோட்டா அறையில இருந்தது தெரிஞ்சு, பத்தாவதையும் சுட்டுட்டான்னு நெனச்சேன். ‘கெடச்சுதாடா, பாத்தியாடா ஆறுச்சாமி வேலைய!’ன்னு கத்திச் சிரிச்சேன். அவனுக்குக் காது கேட்டுச்சான்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கக் கூடாதுன்னு தெனமும் கருப்பராயனக் கும்புடறேன். போன் கட்டாகல. மைனா கத்துச்சு, மோட்டார் ஓடுச்சு, எல்லாம் கேக்குது. ‘டேய் சிகாமணி, டேய், பேசுடா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பதினோரு நிமிசம். அப்பறம் தூரத்துல உங்கம்மா கத்துன சத்தம் வந்துச்சு. அப்பத்தான் நான் கட் பண்ணுனேன். நாந்தான் பண்ணுனேன்.

இன்னைக்கும் போன் அடிச்சா நான் மொத ரெண்டு அடிக்கு எடுக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமையில எடுக்கவே மாட்டேன். எங்கூட்டுல எல்லாருக்கும் அது தெரியும், ஏன்னுதான் தெரியாது. சில நாள் மட்டை விழுகற சத்தம் கேட்டா, என்னையறியாம எனக்குச் சிரிப்பு வருது. வாயப் பொத்திக்கிட்டு அழுகறேன்.

துப்பாக்கி மேல தப்பில்ல. இதையும் சொல்லீர்றேன். இந்த டப்பாவப் பாரு. பழைய சுருள். பத்திரமா வெச்சிருந்தேன். கேஸ் முடிஞ்சதுல இருந்து சீமாட்டியும் இங்க கடையிலதான் இருக்கறா. காலையில நீ வர்றேன்னதும் மேகசீனப் பிரிச்சு இதை உள்ள போட்டேன். வாயையும் பழையபடி விரிச்சுரலாம், பத்தாவது பழையபடி படுத்துக்கும், நீ ‘கருப்பராயனுக்கு’ன்னு எடுத்துப் பையில போட்டுக்குவ, யாருக்கும் ஒண்ணும் தெரியாது, நீயும் பொழைச்சுக்குவ, நானும் பொழைச்சுக்குவேன். பாதி வேலை முடிச்சுட்டேன். அப்பறம் நெனச்சேன், திரும்ப விரிச்ச வாய் பழைய வாய் ஆகுமா? பத்துல ஒரு தடவ ஏறிட்டா? சிகாமணியோட சீமாட்டி ஒரு தப்பத்தான் பண்ணுனா, ஆனா ஒரு நாள் தவறாமப் பண்ணுனா. அவள நம்பி அவன் பதிமூணு வருசம் பொழைச்சான். என்னை நம்பி ஒரு நாள் கூடப் பொழைக்கல. மறுபடி புதுச் சுருளையே மாட்டிட்டேன். அதுல பத்தும் ஏறும். பத்தும் ஏறும் அம்மிணி, இதத்தான் உங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கோணும், எதேதோ பேசிட்டேன்.

எது நல்லதுன்னு கேட்டயல்ல? எதுவா இருந்தாலும் எடு. எடுத்தா விரல விட்டுப் பாரு.

ஆங், அப்படித்தான். போல்ட்ட இழு. உள்ள பாரு. சுண்டு விரல். இன்னொரு தடவ பாரு. நல்லது. சீமாட்டியத்தான் எடுக்கறயா? எடுத்துக்கோ. கையெழுத்து அப்பறம் போடலாம்.

ஏன் அழுகற? என்னத் திட்டு. ரெண்டு அறை விடு, வாங்கிக்கறேன்.

யாருக்குப் போன் போடற?

வேண்டாம் அம்மிணி. உங்கம்மாகிட்ட நீயே போயிச் சொல்லிரு. நான் சொன்னேன்னே சொல்லு. எல்லாத்தையும் சொல்லு, சிரிச்சதையும் சொல்லு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு... ஸ்பீக்கர்ல போடாதே. கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஸ்பீக்கர்ல போடாதே.

அடிக்குது.

எடுத்துட்டாங்களா? குடு. குடு இங்க, நானே பேசறேன்.

அல்லோ. தங்கச்சி, நான் ஆறுச்சாமி பேசறேன். கட் பண்ணிப் போடாதே தாயி. அன்னைக்கு உன் மேல அவனுக்கு ஒரு கோவமும் இல்ல. கறி எடுத்துட்டு உங்கிட்ட வரோணும்னு சொல்லிக்கிட்டிருந்தான். கீழ விழுந்த தோட்டாவத்தான் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தான். அது கீழ விழுகல தங்கச்சி. அது எங்க இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்.